கூடத்துப் பெட்டியும் கூரைத் தட்டும்

கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான் வழியாக ஈஜோக்கையும், அதற்கப்பால் இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தையையும் நோக்கிச் செல்லும் சடக்கின் இருமருங்கிலும் செம்பனை அணிவகுத்து நிற்கிறது. அதன் நடுவே தென்படும் தோட்டத்து லயங்களின் கூரைகளிலும், தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் குடியேறிய தாமான் வீடுகளின் சுவர்களிலும், சாம்பல் நிறத் தட்டுகள் மேற்குத் திசையில் சற்றே தெற்காக ஒரே இடத்தை நோக்கியபடி நிற்பதைக் காணாமல் ஒருவர் இந்தப் பிரதேசத்தைக் கடந்துவிட முடியாது. எந்தத் தட்டு வாங்குவது, எந்தப் பெட்டி வாங்குவது, மாதச் சந்தா கட்டாமல் தெளிவான படம் பார்க்க எது உகந்தது என்பதெல்லாம் இன்று கடை மேஜையில் ஐந்து நிமிஷத்தில் முடிகிற விவகாரமாகிவிட்டது. ஆனால் கேட்பவனும் பார்ப்பவனும் தனக்கு வேண்டிய கருவியைத் தானே தேர்ந்துகொள்ளும் அதிகாரம், வட சிலாங்கூர்த் தோட்டங்களைப் பொறுத்தவரை, மிகவும் பிற்காலத்தில் வந்த ஒன்று. அதற்கு முன்னால் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் பெட்டியும் பிறருடையது, அதன் திருகும் பிறர் கையில் இருந்தது.

இந்தத் தோட்டங்களின் தோற்றத்தைச் சிறிது சொல்லவேண்டும். சிலாங்கூர் நதிக்கரையின் ரந்தாவ் பாஞ்சாங்கில் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ரப்பர் பயிரிட வந்த ஆன்றி ஃபொக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர், 1917ஆம் வருஷம் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வர்த்தகப் பயிராக நட்டார். இந்நாட்டில் அவ்விதம் நடப்பட்ட முதல் தோட்டம் அதுவே. அவர் பிற்பாடு மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசு கிடைத்தது. துரைமார்களில் இலக்கிய கீர்த்தி பெற்றவர் அவர் ஒருவராவது இருந்தார் என்பதில் நமக்குச் சிறிது ஆறுதல். அந்த மரங்களை நட்டுப் பேணிய கைகள் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் மூலம் வந்தவர்களுடையவை. 1938இல் இந்திய சர்க்கார் அந்தக் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. கப்பலில் வந்தவருக்கு ஊர்ச் செய்தி தபாலில் வந்தது; உலகச் செய்தி, 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசன் போன்ற பத்திரிகைகளில் வந்தது. எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பதுதான் தோட்டத்தின் ஆதி ஒலிபரப்பு. வாசிப்பவர் எதை விட்டுவிட்டு எதை வாசித்தாரோ அதுவே அன்றைய உலகம்.

மலாயாவுக்கு வானொலி வந்தது 1921இல். ஜொகூர் சர்க்காரின் மின்சாரப் பொறியாளரான பர்ச் என்பவர் ஒரு கருவியைத் தருவித்து அங்கே கம்பியில்லாத் தந்திச் சங்கம் ஒன்றை அமைத்தார். பின்னர் கோலாலம்பூரிலும் ஆர்வலர்கள் கூடினார்கள். 1937இல் சிங்கப்பூரில் முறையான நிலையம் எழுந்தது. இவையெல்லாம் கிளப்பில் மாலை நேரத்தைக் கழிக்கும் ஐரோப்பியருக்கும் நகரத்து வசதி படைத்தவர்களுக்கும் உரிய கேளிக்கையாகவே இருந்தன. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரை எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்கித்தான் ஆகவேண்டும் என்ற சம்பிரதாயத்தை நிறுத்தவேண்டும் என்பது. சைக்கிளில் உட்கார்ந்திருப்பதே அவமரியாதையாகக் கருதப்பட்ட காலத்தில், லயத்து வாசலில் ஒரு ரேடியோ ஒலிப்பதைப் பற்றி யோசிக்கவும் இடமில்லை. ஜப்பானியர் ஆட்சியிலோ, அந்நிய நாட்டுச் சிற்றலையைக் கேட்பதே உயிருக்கு அபாயமான குற்றமாயிற்று. ஜனங்கள் அறிந்ததெல்லாம் அனுமதிக்கப்பட்ட குரலும், சிங்கப்பூரிலிருந்து வந்த ஆசாத் ஹிந்த் ஒலிபரப்பும் மட்டுமே.

யுத்தம் முடிந்து 1946 ஏப்ரலில் ஒலிபரப்பு இலாகா அமைந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவசரகாலம் பிறந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில்தான், காட்டோரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கு வானொலி நெருங்கி வந்தது. வந்த காரணம் தொழிலாளரின் மகிழ்ச்சி அல்ல, சர்க்காரின் கவலை. கம்யூனிஸ்டுகளின் பேச்சு லயங்களுக்குள் நுழையாதபடி, அதற்கு முன்னதாகவே சர்க்காரின் பேச்சு நுழையவேண்டும் என்ற எண்ணத்துடன், புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுக் கேட்புக்காக ரேடியோ மலாயா கருவிகளை வைத்தது. ஒரு பெட்டி, ஒரு ஒலிபெருக்கி. தோட்டத்துக்கு ஒன்றாகப் பொது இடத்தில். சர்க்காரின் நடமாடும் திரைப்பட வண்டிகள் திரையைக் கட்டிப் படம் காட்டி, தமிழில் விளக்கம் சொல்லிப் போனதும் அதே உத்தேசத்துடன்தான். ஒரு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதைப் போல, செய்திக்கும் எச்சரிக்கைக்கும் நடுவே பாட்டும் நாடகமும் கொடுத்தார்கள். ஜனங்கள் தேனுக்காக வந்து மருந்தையும் கேட்டுவிட்டுப் போனார்களா, அல்லது மருந்து முடிந்த பிறகு வந்தார்களா என்பதை எந்த அறிக்கையும் நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது. ஆயினும் தமிழ்க் குரல் ஒன்று அந்நியமான ஒரு நாட்டின் பொது வானில் உரிமையோடு ஒலிப்பதை முதன்முதலாகக் கேட்ட அனுபவம் அவர்களுக்கு அங்கேதான் கிடைத்தது. அந்த அபிமானமே, பின்னால் தமிழ் ஒலிபரப்பைச் சார்ந்து எழுந்த நாடகங்களுக்கும் சிறுகதைகளுக்கும் பாட்டுப் போட்டிகளுக்கும் ஒரு பெரிய நேயர் கூட்டத்தைத் தேடிக் கொடுத்தது.

பெட்டியை அந்தப் பொது இடத்திலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தது டிரான்சிஸ்டர். வால்வுக் கருவியைப் போலக் கனமான மின்கலங்களோ கம்பி வலையோ வேண்டாமல், கைக்கடக்கமாக, சில சிறிய மின்கலங்களில் ஓடிய அந்தச் சாதனத்துக்குச் சர்க்காரும் நிர்வாகமும் அனுமதி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான்; ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு ரேடியோ வந்தது. இப்படி முதன்முதலாகத் தொழிலாளி தன் காசில், தன் விருப்பப்படி ஒரு கருவியை வாங்கினான். சட்டம் அதற்கும் ஒரு லைசென்ஸ் கேட்டது. தொலைக்காட்சிக்குப் பிற்காலத்தில் அது வருஷத்துக்கு 24 வெள்ளியாக நின்று, நூற்றாண்டு முடியும் தறுவாயில் ரத்தாயிற்று. ‘இலவச’ ஒலிபரப்பு என்று நாம் இன்று சொல்வது, அந்த லைசென்ஸ் இருந்த வரை, இலவசமாக இருந்ததே இல்லை.

தொலைக்காட்சியின் கதை வேறு விதமாகப் போயிற்று. 1963 டிசம்பர் 28ஆம் தேதி கோலாலம்பூர் அம்பாங் சாலை மண்டபத்திலிருந்து துங்கு அப்துல் ரஹ்மான் மலேசியத் தொலைக்காட்சியைத் தொடங்கிவைத்தபோது, அறுபது எழுபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் பார்ப்பதற்குக் கருவியும் இல்லை, கருவியை ஓட்ட மின்சாரமும் இல்லை என்ற நிலைதான் பெரும்பாலும் இருந்தது. பல தோட்டங்களில் மின்சாரம் என்பது நிர்வாகத்தின் எஞ்சின் தரும் மின்சாரம். அது மாலையில் ஓடத் தொடங்கி இரவில் நிறுத்தப்படும். எஞ்சினை நிறுத்துகிற நேரமே நிகழ்ச்சி முடிகிற நேரம். கதாநாயகன் பாதிச் சண்டையில் இருந்தாலும் திரை இருண்டுவிடும். இந்தக் கஷ்டத்துக்கு மாற்றாகக் கார் மின்கலத்தில் கறுப்பு வெள்ளைப் பெட்டியை இணைத்துப் பார்ப்பவர்கள் இருந்தார்கள். மின்கலத்தைப் பட்டணத்துக்கு எடுத்துச் சென்று மின்னேற்றிக்கொண்டு வருவது ஒரு வேலையாகவும் இருந்தது. தோட்ட மண்டபத்தில் ஒரே பெட்டிக்கு முன்னால் முன்வரிசையில் குழந்தைகளும் பின்னால் நாற்காலிகளில் பெரியவர்களும் என்று கூட்டம் கூடியது. மண்டபத்துச் சாவி எவரிடம் இருந்ததோ அவரே நிகழ்ச்சியின் அதிபதி. அவர் கிராணியாக இருக்கலாம், மன்றத்துச் செயலாளராக இருக்கலாம்.

1969இல் இரண்டாம் அலைவரிசை வந்தது, ஒலிபரப்புத் தலைமையகமான அங்காசாபுரி எழுந்தது, எழுபதுகளின் இறுதியில் வண்ணம் வந்தது, 1984இல் தனியார் நிலையமாக டிவி3 வந்தது. இவற்றில் தமிழ் பெற்ற பங்கு செய்தி, சில நிகழ்ச்சிகள், ஒரு வாரத் திரைப்படம், தீபாவளிக்கு விசேஷம் என்ற அளவோடு நின்றது. இந்தக் குறைவை நிரப்பியது வானம் அல்ல, கடை. எண்பதுகளில் வீடியோ கேசட் பரவியபோது, கோலசிலாங்கூரிலும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் வாடகைக்குக் கிடைத்த தமிழ்ப் படங்கள் தோட்ட வீடுகளின் மாலைகளைக் கைப்பற்றிக்கொண்டன. ஒளிபரப்பின் நேர வரையறை அவற்றுக்கு இல்லை. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றி 1966இலும் பிறகு 1990இலும் சட்டங்கள் இயற்றப்பட்டு, நாட்டின் பொது மின்வலையும் மெல்ல மெல்லத் தோட்டங்களைத் தொட்ட பிறகு, எஞ்சினின் ஆட்சியும் முடிந்தது.

அதே காலத்தில் நகரங்களில் ஒரு புதுப் பொருளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. செயற்கைக்கோளின் படத்தை நேரே வீட்டில் வாங்கும் தட்டு உலகின் பிற பாகங்களில் பரவியிருக்க, மலேசிய சர்க்கார் தனியார் அதை வைத்திருப்பதைத் தடுத்தே வந்தது. அந்நிய நிகழ்ச்சிகள் வடிகட்டப்படாமல் வந்துவிடும் என்ற பயமே காரணம். 1996 ஜனவரியில் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து மியாசாட்-1 என்ற செயற்கைக்கோள் விண்ணுக்கு ஏவப்பட்ட பிறகுதான் அந்தத் தடை தளர்ந்தது. தளர்ந்ததும் சிறு தட்டுகளுக்கு, ஒரே நிறுவனத்தின் சேவைக்கு என்ற கட்டோடு. அந்தச் சேவையான அஸ்ட்ரோ தொடங்கியபோது அதில் வானவில் என்ற தமிழ் அலைவரிசை முதலிலிருந்தே இருந்தது. அரை நூற்றாண்டாக, பகுதி நேரம் தமிழ் என்ற வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு நாள் முழுவதும் தமிழ் என்பது பழகச் சிறிது நாளெடுத்த அதிசயம். ஆனால் அந்த அதிசயத்துக்கு மாதாமாதம் ரசீது வந்தது. குறைந்தது ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தமும் இருந்தது. தினக்கூலியில் வாழ்கிற ஒரு குடும்பத்துக்கு, மழை பெய்து பால்வெட்டு நின்ற மாதத்திலும் ரசீது வந்துகொண்டிருக்கும் என்பதுதான் அதன் கடினம்.

இந்தத் தட்டைப் பற்றிச் சிறிது விளக்கமாகச் சொல்வது வீண் அல்ல. மியாசாட் கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நிற்கின்றன. கோலசிலாங்கூரோ 101 பாகைக்குச் சற்றுக் கிழக்கே, பூமத்திய ரேகைக்கு மூன்றரைப் பாகைக்குள் இருக்கிறது. ஆகவே கோள் இங்கிருப்பவருக்கு மேற்கில், அடிவானத்துக்கு மேலே சுமார் 78 பாகை உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட உச்சி வானத்தில் இருக்கிறது. லண்டனில் தட்டு அடிவானத்துக்குச் சற்று மேலே பார்க்கவேண்டியிருக்க, இங்கே அது வானத்தை அண்ணாந்து பார்க்கிறது. ஏற்பி சாய்வாக அமைந்த வகைத் தட்டு என்பதால் நிற்கும்போது அவ்வளவு மல்லாந்து தெரிவதில்லை. மழைநீரும் அதில் தேங்குவதில்லை. இந்த உயரத்தின் ஒரு பலன் செம்பனைக் காட்டுக்குள் வாழ்கிறவருக்குப் பெரியது. தட்டைவிடப் பத்து மீட்டர் உயர்ந்த மரம் ஒன்று கோளை மறைக்கவேண்டுமானால், அது தட்டிலிருந்து இரண்டு மீட்டருக்குள் நிற்கவேண்டும். சுற்றிலும் மரமாய் இருந்தாலும் தட்டுக்கு வானம் திறந்தே இருக்கிறது. ஆனால் ஒன்று: இது பயன்படுத்தும் அலை, பன்னிரண்டு கிகாஹெர்ட்ஸை ஒட்டிய கே-யூ பட்டை; கனத்த மழைத்துளிகள் அதை விழுங்கிவிடும். பிற்பகலில் இடியும் மழையும் கொட்டும் இந்தக் கடலோரச் சமவெளியில், திரையில் கட்டங்கட்டமாகப் படம் சிதறி, பிறகு ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பு எழுவதைப் பார்த்துப் பழகாத வீடு இல்லை.

சந்தா இல்லாத செயற்கைக்கோள் தொலைக்காட்சி 2012 பிப்ரவரி 18ஆம் தேதிதான் வந்தது. சர்க்காரும் அஸ்ட்ரோவும் சேர்ந்து தொடங்கிய அதற்கு என்ஜோய் என்று பெயர். பெட்டி, தட்டு, கார்டு ஆகியவற்றை ஒரு முறை விலைகொடுத்து வாங்கிவிட்டால், அடிப்படை அலைவரிசைகள் ஒப்பந்தமும் ரசீதும் இன்றிக் கிடைக்கும். மேலதிகமாக வேண்டியவற்றைச் சில நாளைக்கோ வாரத்துக்கோ முன்பணம் கட்டிப் பார்க்கலாம். இலவசத் தொகுப்பில் வானவில்லும் இடம்பெற்றது. வட சிலாங்கூரில் இது ஏன் வேர் பிடித்தது என்று கேட்டால், விலை மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள், வாக்களிக்கப்பட்ட வீடுகளுக்காகப் பல வருஷங்கள் காத்துக் கிடந்த பூமி இது. நிலம் கை மாறுகிறது, நிர்வாகம் மாறுகிறது, எந்த வீட்டில் அடுத்த வருஷம் இருப்போம் என்பதே தெரியவில்லை என்ற நிலையில் இருப்பவரிடம், பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்து இடும்படி கேட்பதன் அர்த்தமின்மை அவருக்குத்தான் தெரியும். விலாசம் மாறினாலும் கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடிய, எவருக்கும் கடன்படாத பெட்டி அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்தியது.

ஒரு சந்தேகத்தை இங்கே தீர்த்துவிடலாம். இந்தியாவில் சர்க்காரின் டிடி ஃப்ரீ டிஷ் 2004 முதல் சந்தா இல்லாமல் ஒளிபரப்பாகிறது. அங்கே எந்தக் கம்பெனியின் பெட்டியையும் வாங்கி அதைப் பார்க்கலாம். அதேபோன்ற ஒரு பெட்டியைச் சந்தையில் வாங்கிவந்து கோலசிலாங்கூரில் மாட்டினால் என்ன என்று கேட்பவர் உண்டு. பயன் இராது. அந்தக் கோளின் கே-யூ கற்றை இந்தியாவை நோக்கி வரையப்பட்டது. இங்கே நம் தலைக்கு மேலிருந்து வருவதோ சங்கேதத்தால் பூட்டப்பட்டது. அதன் சாவி நிறுவனத்தின் கார்டில் இருக்கிறது. செயற்கைக்கோளைப் பொறுத்தவரை மலேசியாவில் இலவசம் என்பது ஒரே பெட்டியின் இலவசம்.

தேர்வு என்று சொல்லத்தக்கது உண்மையில் பிறந்தது, தரைவழி எண்முறை ஒளிபரப்பு வந்தபோதுதான். மைடிவி நிறுவனம் 2017 ஜூனில் சேவையைத் தொடங்கியது. பழைய ஒளிபரப்பு கட்டங்கட்டமாக நிறுத்தப்பட்டு 2019 அக்டோபர் 31இல் நாடெங்கும் முற்றாக மறைந்தது. சர்க்கார் உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்குப் பெட்டி இலவசமாகவே கொடுக்கப்பட்டது. புதிய தொலைக்காட்சிகளில் அந்த ஏற்பி உள்ளேயே இருப்பதால் பெட்டியும் தேவையில்லை; உயரத்தில் ஓர் ஆண்டெனா இருந்தால் போதும். இங்கே செம்பனை மறுபடியும் குறுக்கே வருகிறது. தட்டுக்கு வரும் அலை உச்சியிலிருந்து இறங்குகிறது. ஆண்டெனாவுக்கு வரும் அலையோ உலு காலி மலை போன்ற தொலைதூர உயரங்களிலிருந்து பக்கவாட்டில் வருகிறது. முதிர்ந்த செம்பனைத் தோப்பு நடுவே தாழ்ந்த லயத்துக் கூரையில் கட்டிய சிறிய ஆண்டெனாவுக்கு அதை எட்டுவது கஷ்டம். கம்பத்தை மரத்தலைக்கு மேல் உயர்த்தவேண்டும். பழைய காலத்தில் அலை பலவீனமானால் படம் பனிமூட்டமாகவாவது தெரியும். எண்முறையில் அந்தத் தயவு இல்லை. ஒன்று முழுப் படம், அல்லது ஒன்றுமே இல்லை.

உயர்துல்லியம் என்ற எச்.டி. விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய முறையில் படம் 625 கோடுகள்; எச்.டி.யில் 1080. ஆனால் பெட்டி எச்.டி.யாக இருப்பது வேறு, அலைவரிசை எச்.டி.யாக அனுப்பப்படுவது வேறு, அதைப் பெட்டியிலிருந்து திரைக்குக் கொண்டுபோகும் கம்பி வேறு. சிவப்பு வெள்ளை மஞ்சள் முனைகள் கொண்ட பழைய கம்பியில் இணைத்துவிட்டு, எச்.டி. பெட்டி வாங்கியும் படம் மாறவில்லையே என்று வருத்தப்படுவோர் இருக்கிறார்கள். அந்தக் கம்பி எச்.டி.யைச் சுமக்காது, எச்.டி.எம்.ஐ. கம்பி வேண்டும். தரைவழியில் அரசாங்க அலைவரிசைகளும் டிவி3 போன்றவையும் எச்.டி.யிலேயே வருகின்றன, ஆனால் தமிழ் என்று பார்த்தால் முக்கியமாக டிவி2இன் செய்தியும் சில நிகழ்ச்சிகளும் அதில் உள்ளவை. வானவில்லுக்காகத் தட்டு வேண்டும். தெளிவுக்கும் மழைக்கும் ஆண்டெனா வேண்டும். எனது அபிப்பிராயத்தில், விளம்பரங்கள் சொல்லும் எந்தச் சிறப்பைவிடவும் இதுதான் இந்தப் பிரதேசத்தில் பெட்டி வாங்குகிறவர் முதலில் நினைக்கவேண்டிய பேதம்.

வானத்தில் இருக்கும் கருவியும் நித்தியமானது அல்ல என்பது 2021 ஜூனில் தெரிந்தது. 2006இல் ஏவப்பட்ட மியாசாட்-3 எதிர்பாராதவிதமாகக் கட்டுப்பாட்டை இழந்து நிலைபெயர்ந்தது. அஸ்ட்ரோவின் அலைவரிசைகளை மற்றக் கோள்களுக்கு மாற்றும் வரை பல வீடுகளில் படம் தடைபட்டது, சில அலைவரிசைகள் கொஞ்ச காலம் தரம் குறைந்தே வந்தன. அடுத்த வருஷம் மியாசாட்-3டி ஏவப்பட்டு இடைவெளி நிரம்பியது. தட்டைத் திருப்பவேண்டிய அவசியம் எவருக்கும் வரவில்லை. மாற்றுக் கோள்களும் அதே 91.5 பாகையில்தான் நிற்கின்றன.

இப்போது ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் ஒரே தொலைக்காட்சிக்குக் கீழே இரண்டு பெட்டிகளையும் வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கலாம். பகலில் தட்டு வழியாக வானவில் ஓடும். மாலை மழை இறங்கித் திரை சிதறியதும் யாராவது ஒருவர் மறு பெட்டியின் கைக்கருவியைத் தேடி எடுத்து, ஆண்டெனா கொடுக்கும் தமிழ்ச் செய்திக்கு மாற்றுவார். சந்தா கட்டும் அண்டை வீட்டுக்காரர் மழை விடும் வரை காத்திருக்கிறார்.